நூறு படிவங்கள், ஒரு கோட்பாடு, எண்ணூரின் ஓர் இரவு

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். திருவொற்றியூரில் வசிக்கும் முதுகலைத் தொடர்பியல் மாணவர் நீங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர்க் கடற்கரையில் அமோனியா கசிந்தபோது அந்தச் செய்தி மக்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ள நினைக்கிறீர்கள். உங்கள் கைடு ஏதாவது ஒரு தியரியைப் பிடித்துக்கொண்டு கூகுள் ஃபார்மில் நூறு பேரிடம் பதில் வாங்கிவிடச் சொல்கிறார். எந்தக் கோட்பாடு பொருந்தும், நூறு பேர் போதுமா, அங்குள்ள குப்பத்தில் உறவினர்கள் உள்ள நீங்களே இதைச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு அடியில் கிடக்கும் கேள்வி வேறொன்று: ஒருவர் நடுராத்திரியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியதற்கு அவருக்கு வந்த ஒரு செய்திதான் காரணம் என்று எதை வைத்துச் சொல்லப்போகிறீர்கள்? இதற்கு விடை தேடினால் மற்ற மூன்றும் அந்த வழியிலேயே தீர்ந்துவிடும். வடசென்னையில் தொடர்பியல் ஆய்வுமுறைகளை நெடுங்காலமாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். வாயு எந்தத் திசையில் எவ்வளவு தூரம் பரவியது, உடலுக்கு என்ன செய்தது என்பவை வேதியியலாரும் மருத்துவர்களும் சொல்ல வேண்டியவை; அவற்றுக்குள் நான் போகப்போவதில்லை.

மற்றவர்களும் படிக்கக்கூடும் என்பதால் நிகழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் முதலிய குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாக எழுந்து, கிடைத்த வண்டியிலும் கால்நடையாகவும் வெளியேறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். விடிந்ததும் ஆலைக்கு எதிராக மக்கள் திரண்டார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து, வலைகளையும் படகுகளையும் பாழாக்கியிருந்தது. ஆகவே அன்றிரவு மூக்கில் ஏறிய நெடியை வெறும் நெடியாக எடுத்துக்கொள்ளும் மனநிலையில் அந்த ஊர் இருக்கவில்லை. நீங்கள் எந்தக் கோட்பாட்டை எடுத்தாலும் இந்த முன்கதைக்கு அதில் இடம் இருக்க வேண்டும்.

இத்தகைய தலைப்புக்கு வகுப்பறைகளில் முதலில் எடுத்துக் கொடுக்கப்படுவது இருபடிப் பாய்வுக் கோட்பாடு: ஊடகத்திலிருந்து கருத்துத் தலைவர்களுக்கு (பிறர் பேச்சை மதித்துக் கேட்கும் ஆட்களுக்கு), அவர்களிடமிருந்து மற்றவர்களுக்கு. இதன் பிறப்பைத் தெரிந்துகொண்டால் இங்கே அது ஏன் ஒட்டாது என்பது விளங்கும். 1940ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஓகையோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் அறுநூறு பேரை மாதந்தோறும் திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள். வானொலியும் செய்தித்தாளும் வாக்கை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்கப் போனவர்களுக்கு, மனிதர்கள் மனிதர்களிடம் பேசுவதுதான் அதிகம் கணக்கில் வந்தது. ஆனால் அந்த ஆய்வு யார் யாரிடம் பேசினார் என்பதை அளப்பதற்காக வடிவமைக்கப்பட்டதே இல்லை. அந்த ஆய்விலிருந்து வந்த நூலின் கருத்துகளில் மிகக் குறைந்த சான்று உள்ளது இதற்குத்தான் என்று, அதே மரபில் வந்த எலிஹு காட்ஸே 1957இல் எழுதினார். அதைவிட முக்கியம், அது ஒரு தேர்தல் காலம் முழுவதும் மெல்ல உருவாகும் கருத்தைப் பற்றியது. உங்களுடையது சில நிமிடங்களில் பரவிய ஒரு தகவலைப் பற்றியது. கருத்துப் பரவலுக்குப் பின்னப்பட்ட வலையைத் தகவல் பரவலுக்கு வீசினால் என்ன சிக்கும் என்பது உறுதியில்லை.

தகவல் பரவலுக்கென்றே தனி ஆய்வு மரபு ஒன்று உண்டு. உங்களுக்கு நெருக்கமானது அதுதான். 1960இல் டாய்ச்மனும் டேனியல்சனும் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு ஏற்பட்ட பக்கவாதம் போன்ற பெரிய செய்திகளைக்கூடப் பெரும்பாலோர் நேரடியாக ஊடகத்திலிருந்தே அறிந்தார்கள் என்றும், அண்டை அயலாருடனான பேச்சு அதன் பிறகே வந்தது என்றும் காட்டியது. மூன்றே ஆண்டுகளில், 1963 நவம்பரில் கென்னடி சுடப்பட்டபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் இன்னொரு மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். பிராட்லி கிரீன்பெர்க் இதிலிருந்து ஒரு பொதுவிதியை முன்வைத்தார்: மிகச் சிலருக்கே அக்கறை உள்ள செய்தியும், எல்லோரையும் உலுக்கும் செய்தியும் வாய்மொழியாக அதிகம் பரவுகின்றன, இடைப்பட்டவை ஊடகத்தை நம்பியிருக்கின்றன. இந்தப் போக்கு வேறு பல நிகழ்வுகளிலும் ஓரளவு தென்பட்டிருக்கிறது என்பதால் இதை உங்கள் எதிர்பார்ப்பாக எழுதலாம். அளவு எவ்வளவு என்பது ஊருக்கு ஊர், நேரத்துக்கு நேரம் மாறும். நண்பகலில் அலுவலகங்களில் இருந்த அமெரிக்கர்களின் விகிதத்தை நள்ளிரவில் பாயில் படுத்திருந்த எண்ணூர்வாசிகளுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

ஆனால் உங்கள் நிகழ்வில் இந்த மரபுக்கும் எட்டாத ஒரு சிக்கல் இருக்கிறது. ஆய்வேட்டின் உயிரே அதில்தான் இருப்பதாக நான் நினைக்கிறேன். கென்னடியின் சாவை யாராவது சொல்லாமல் ஒருவர் அறிந்துகொண்டிருக்க முடியாது. அமோனியாவை யாரும் சொல்லாமலே மூக்கு அறியும். அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்காரர்கள் ஐந்து நிமிட இடைவெளியில் கிளம்பியிருந்தால், முதல் வீட்டார் சொல்லி இரண்டாம் வீட்டார் கிளம்பினார்கள் என்று எழுதக் கை துடிக்கும். இருவருக்கும் ஒரே நெடி ஐந்து நிமிட இடைவெளியில் எட்டியிருக்கலாம் என்பது அப்போது மறந்துபோகும். தொடர்பியலில் இது புகழ்பெற்ற ஒரு சறுக்கல். 1950களில் கோல்மன், காட்ஸ், மென்சல் ஆகிய மூவரும் இல்லினாய் மாநிலத்தின் நான்கு ஊர்களில் 125 மருத்துவர்களிடம், நீங்கள் யாரோடு பழகுகிறீர்கள், யாரிடம் ஆலோசனை கேட்கிறீர்கள் என்று விசாரித்து, டெட்ராசைக்ளின் என்ற அன்றைய புது மருந்து நட்பு வலையின் வழியே தொற்றிப் பரவியது என்று முடிவுகட்டினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடப்புத்தகங்கள் அதைச் சொல்லிவந்தன. 2001இல் வான் டென் புல்ட்டும் லிலியனும் அதே தரவுகளோடு மருந்து நிறுவனங்கள் செய்த விளம்பரத்தின் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, நட்பின் தொற்று என்று எண்ணியது காணாமல் போனது. எல்லா மருத்துவர்களின் மேசைக்கும் ஒரே விளம்பரம் வந்துகொண்டிருந்ததை முந்தைய கணக்கு விட்டிருந்தது. உங்கள் எண்ணூரில் அந்த விளம்பரத்தின் இடத்தில் காற்று இருக்கிறது.

ஆகவே ஒவ்வொருவரிடமும் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: முதலில் எதை உணர்ந்தீர்கள், முதலில் யார் என்ன சொன்னார். இரண்டில் எது முந்தியது என்பதே உங்கள் முதன்மையான தரவு. நெடி எட்டாத தொலைவில் இருந்து, செய்தியை மட்டும் பெற்றவர்களையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் கிளம்பியிருந்தால் அங்கேதான் செய்தியின் வேலையைத் தனியாகப் பார்க்க முடியும். கிளம்பாமல் வீட்டிலேயே இருந்தவர்களும் வேண்டும். 1938இல் வானொலி நாடகம் ஒன்றைக் கேட்டுச் செவ்வாய்க் கிரகவாசிகள் வந்துவிட்டதாக அமெரிக்கர்கள் மிரண்ட கதை எல்லாப் பாடத்திட்டத்திலும் உண்டு. அதை ஆராய்ந்த ஹாட்லி கேன்ட்ரிலின் குழு விரிவாகப் பேட்டி கண்ட 135 பேரில் நூறு பேருக்கும் மேல், மிரண்டவர்கள் என்று முன்பே தெரிந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நாடே மிரண்டது என்ற கதை எவ்வளவு ஊதிப் பெருக்கப்பட்டது என்பதைப் பிற்கால வரலாற்றாளர்கள் விரிவாக எழுதிவிட்டார்கள். ஓடியவர்களை மட்டும் கேட்டால் உங்களுக்கும் ஊரே ஓடியதாகத்தான் தெரியும்.

அடுத்து நினைவு. நிகழ்ந்து காலம் கடந்த பிறகு நீங்கள் கேட்கப்போகிறீர்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, உல்ரிக் நைசர் தம் மாணவர்களிடம் செய்தியை எப்படி அறிந்தீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களில் 44 பேரிடம் அதே கேள்வியை மறுபடி கேட்டார். மறுநாள் எழுதியபோது முதன்முதலில் தொலைக்காட்சியில் அறிந்ததாகச் சொன்னவர்கள் 21 விழுக்காடு; பின்னால் அது 45 விழுக்காடாக ஆகியிருந்தது. பொய் சொல்லவில்லை, தெளிவாக நினைவிருப்பதாகவே நம்பினார்கள். யாரோ ஒருவர் அறைக்குள் வந்து சொன்னது மங்கிவிட, பிறகு பலமுறை பார்த்த காட்சி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. உங்கள் படிவத்தில் "முதலில் எதன் மூலம் அறிந்தீர்கள்?" என்று கேட்டு வாட்ஸ்அப், தொலைக்காட்சி, அண்டை வீட்டார் என்று கட்டங்கள் வைத்தால், நீங்கள் அள்ளப்போவது பெரும்பாலும் இந்தக் கலப்படத்தைத்தான்.

இதற்கு முழுமையான மருந்து இல்லை. ஓரளவு தணிக்க வழி உண்டு. கட்டம் போட்ட கேள்வியை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் கையில் என்ன வேலை இருந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வியாசர்பாடியில் மாணவர்களோடு வீடுவீடாகச் சென்றபோது, தெருமுனையில் இட்லிக்கடை போடும் ஓர் அம்மாவிடம் என் மாணவி "தண்ணி வருதுன்னு யாருக்கா சொன்னாங்க?" என்று கேட்டாள். "எல்லாரும்தான் சொன்னாங்க" என்று பதில் வந்தது. அதற்கு மேல் அந்தக் கேள்வி நகரவில்லை. "அப்போ என்ன பண்ணிக்கினு இருந்தீங்க?" என்று மாற்றிக் கேட்டதும், "மாவு ஆட்டிக்கினு இருந்தேன்மா. கரண்டு போச்சு, கிரைண்டர் நின்னுபோச்சு. வெளிய வந்து பாத்தா எதிர்வூட்டுப் பையன் வண்டிய திண்ணை மேல ஏத்திக்கினு இருந்தான். இன்னாடான்னேன். கால்வா பொங்குதுக்கா, புள்ளைங்கள எய்ப்புன்னான்" என்றார். முதல் பதிலில் ஓர் ஊரே ஒலிபரப்பு நிலையமாக இருந்தது. இரண்டாவதில் ஒரு மின்வெட்டு, ஒரு காட்சி, ஓர் இளைஞன், அவன் சொன்ன ஒரு வாக்கியம், அது எந்த வரிசையில் வந்தது என்பது எல்லாம் இருக்கின்றன. வண்டியைத் திண்ணையில் ஏற்றியதைப் பார்த்தது செய்தியா இல்லையா என்று நீங்கள்தான் முன்கூட்டியே வரையறுத்துக்கொள்ள வேண்டும். களத்தில் நின்றுகொண்டு முடிவு செய்தால் ஆளுக்கொரு முடிவாகிவிடும்.

நினைவுக்கு வெளியே இருக்கும் சான்றையும் தேடுங்கள். டெட்ராசைக்ளின் ஆய்வில் இன்றும் மதிக்கத் தக்கது, எப்போது எழுதத் தொடங்கினீர்கள் என்று மருத்துவரைக் கேட்பதோடு நிற்காமல் மருந்துக்கடைகளின் சீட்டுகளைப் புரட்டியது. உங்களுக்கு அந்த இடத்தில் கைப்பேசி இருக்கிறது. குழுச் செய்தியின் நேரத்தை அவரே தம் கைப்பேசியைத் திறந்து படித்துச் சொல்லட்டும். குரல்பதிவு அனுப்பியிருந்தால் அதன் நேரமும் இருக்கும். எச்சரிக்கையாக ஒன்று: செய்தி வந்த நேரம் வேறு, அவர் அதைப் பார்த்த நேரம் வேறு. ஒரு மணிக்கு வந்த செய்தியை மணலியில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்தின் ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்தார்களா, கோயில் மணியோ தேவாலய மணியோ அடிக்கப்பட்டதா, இரவுப் பணியில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளி யாராவது வீட்டுக்குப் போன் செய்தாரா என்பவற்றையும் விசாரியுங்கள். கூகுள் ஃபார்மில் இவை எதுவும் வராது.

நூறு பேர் போதுமா என்பதற்கு வருகிறேன். முறையான வாய்ப்புவழித் தேர்வில் (குலுக்கல்போல, எல்லோருக்கும் தெரிவாகும் வாய்ப்பு இருக்கும்படி) எடுத்த நூறு பேர் என்றால், ஒரு விகிதத்தைச் சொல்லும்போது ஏறக்குறைய பத்து விழுக்காட்டுப் புள்ளிகள் மேலோ கீழோ தவறலாம். அதை ஐந்தாகக் குறைக்க 385 பேர் வேண்டும். இது கணக்கு, இதில் சந்தேகமில்லை. ஆனால் படிவத்தின் இணைப்பை உங்கள் நண்பர்களின் குழுக்களில் போட்டு வாங்கும் நூறுக்கு இந்தக் கணக்கே செல்லாது. 1936இல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்க இதழ் ஒரு கோடி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களையே அது பெரிதும் நம்பியிருந்தது. வந்த சீட்டுகளைத் திருப்பி அனுப்பியவர்களும் ஒரு சாராராகவே இருந்தார்கள். வாட்ஸ்அப்பில் செய்தி எப்படிப் பரவியது என்பதை வாட்ஸ்அப் வழியாகவே கேட்பது இதைவிட மோசம்: கைப்பேசி இல்லாத பாட்டியின் வீட்டுக் கதவை யார் தட்டினார் என்பது உங்கள் தரவில் தோன்றவே தோன்றாது. கைடு சொன்ன நூறை விட்டுவிடச் சொல்லவில்லை. மூன்று நான்கு தெருக்களைத் தேர்ந்து, இத்தனை வீட்டுக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டு நேரில் போய் நூறை நிரப்புங்கள். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அடிப்படைப் பட்டியலாக வாக்காளர் பட்டியலை வைத்துக்கொள்வதென்றால் வாடகைக்கு வந்தவர்களும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் அதில் விடுபடுவார்கள் என்பதை ஆய்வேட்டில் எழுதுங்கள். அந்த நூறு பேருள் முப்பது பேரிடமாவது விரிவாகப் பேசி, யார் சொன்னார் என்பதைப் பிடித்துக்கொண்டு அந்த ஆளைத் தேடிப் போய், அவருக்கு யார் சொன்னார் என்று பின்னோக்கி நடந்தால், சங்கிலி எந்த வீட்டில் தொடங்கியது, எங்கே அறுந்தது என்பது தெரியவரும். போகும் நேரமும் கணக்கில் சேரும். முற்பகலில் போனால் முதியவர்களும் சிறு பிள்ளைகளும்தான் இருப்பார்கள். மீன் விற்கும் பெண்கள் சந்தையில் இருப்பார்கள். கடலுக்குப் போய் வந்தவர்கள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் வீட்டில் கிடைப்பார்கள், ஃபைபர் படகுக்காரர்களுக்கு அது அப்படிப் பொருந்தாது.

செய்தித்தாள்கள் இந்த நிகழ்வை எப்படி எழுதின என்ற இரண்டாவது பகுதியையும் சேர்க்கப்போவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். செய்யலாம், ஆனால் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய குரல் மேற்கோளாக வந்தது, அதிகாரியா, ஆலைத் தரப்பா, குடியிருப்பவரா என்று எண்ணுவதோடு நிறுத்துங்கள். இரண்டு பேர் தனித்தனியாகக் குறியிட்டு, அவர்களின் குறியீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அளக்கும் கிரிப்பன்டார்ஃபின் ஆல்ஃபா 0.80க்கு மேல் வருகிறதா என்று பாருங்கள். அதிலிருந்து வாசகர்கள் என்ன நினைத்தார்கள் என்ற முடிவுக்குத் தாவாதீர்கள். பார்வையாளர்கள் ஒரே செய்தியை வெவ்வேறு விதமாகப் பொருள்கொள்கிறார்கள் என்று ஸ்டுவர்ட் ஹால் எழுதியதையும், அதைச் சோதிக்க டேவிட் மோர்லி பல குழுக்களிடம் ஒரே நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டி விவாதிக்க வைத்ததையும் படித்தவர்களுக்கு, பனுவல் ஒன்று வாசிப்பு பல என்பது தெரியும்.

நீங்கள் கேள்வியில் போகிற போக்கில் வதந்தி என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அதைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டுகிறேன். 2018 மே மாதம், இதே கடற்கரையின் வடக்கே பழவேற்காட்டில், குழந்தை கடத்தல் வதந்தி பரவிய நாட்களில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் பகிர முடியாதபடி வரம்பு வைத்தது. அதிலிருந்து நள்ளிரவில் பரவும் எதையும் அந்த வார்ப்பில் போட்டுப் பார்க்கும் பழக்கம் அதிகாரிகளுக்கும் நிருபர்களுக்கும் வந்துவிட்டது. ஆல்போர்ட்டும் போஸ்ட்மனும் 1947இல் வதந்தியை, விஷயத்தின் முக்கியத்துவமும் அதைச் சுற்றிய தெளிவின்மையும் பெருகும் இடத்தில் பெருகுவது என்று விளக்கினார்கள். முகாமில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களில் ஒருவராக இருந்து அங்கே சுற்றிய பேச்சுகளைக் கவனித்த தமோட்சு ஷிபுதானி, 1966இல் இன்னும் ஒரு படி மேலே போய், நம்பத் தகுந்த செய்தி வராதபோது மக்கள் கூடித் தங்களுக்கான செய்தியைச் சமைத்துக்கொள்ளும் முயற்சியே அது என்றார். பேரிடர்களில் மனிதர்கள் கண்மண் தெரியாமல் ஓடுவது அரிது, ஒருவரையொருவர் கேட்டு உறுதி செய்துகொண்டே கிளம்புகிறார்கள் என்பதை பேரிடர்ச் சமூகவியலாளர் குவாரன்டெல்லியின் வழிவந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. அந்த அளவுக்கு இது உறுதியானது. எண்ணூரிலும் அப்படித்தான் நடந்தது என்பது உங்கள் களத்தரவு சொன்னால்தான் உண்டு. என்னைக் கேட்டால், தகவல் பரவல் மரபையும் ஷிபுதானியையும் சேர்த்து வைத்துக்கொண்டு, இருபடிப் பாய்வை ஒரு பத்தியில் மறுத்துவிட்டு நகர்வேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேள்வி வந்தால் மேலே சொன்ன மருத்துவர் ஆய்வைச் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் செய்யலாமா என்பது. தாராளமாகச் செய்யலாம், வெளியாளுக்கு மூன்று மாதம் பிடிக்கும் அறிமுகம் உங்களுக்கு ஒரு சித்தப்பா மூலம் ஒரே நாளில் கிடைக்கும். அதே சித்தப்பா உங்களை அழைத்துப் போகாத தெருக்கள் உங்கள் ஆய்விலிருந்தும் விடுபடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்; அந்தத் தெருக்களுக்கு வேறு துணையைத் தேடுங்கள். களத்துக்குப் போகும் முன் அன்றிரவு நீங்கள் எங்கே இருந்தீர்கள், எப்படி அறிந்தீர்கள், யார்மீது உங்களுக்குக் கோபம் என்பதை இரண்டு பக்கம் எழுதித் தேதியிட்டுக் கைடிடம் கொடுத்துவிடுங்கள். இழப்பீடு, வழக்கு, போராட்டம் என்று எல்லாம் கலந்துள்ள விஷயம் இது. உங்களை ஆலைத் தரப்பு அனுப்பிய ஆளென்று சிலர் நினைப்பார்கள், மனு எழுதித்தர வந்தவரென்று சிலர் நினைப்பார்கள், இரண்டு நினைப்பும் பதிலை மாற்றும். முதல் வார்த்தையிலேயே நான் மாணவன், இதனால் உங்களுக்குப் பணமோ வேலையோ வராது என்று சொல்லிவிடுவது நல்லது. வாட்ஸ்அப் குழுவைப் பார்க்க அட்மின் சம்மதித்தார் என்பதால் உறுப்பினர் எல்லோரும் சம்மதித்ததாக ஆகாது. ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டாம். நேரத்தையும், சொன்னவருக்கும் கேட்டவருக்கும் உள்ள உறவையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெயருக்குப் பதில் எண் போட்டு, எண்ணும் பெயரும் உள்ள தாளை வேறிடத்தில் வையுங்கள். குப்பம் சிறியது; "முதலில் கதவைத் தட்டிய வலைபின்னும் பெரியவர்" என்று ஆய்வேட்டில் எழுதினாலே அவர் யாரென்று அந்தத் தெருவுக்குத் தெரிந்துவிடும், ஆகவே அப்படி எழுதும் முன் அவரிடமே வாசித்துக்காட்டி அனுமதி வாங்குங்கள்.